ஒரே சர்வர், ஒரே டொமைன், பல தளங்கள்: என்ஜின்எக்ஸில் வைல்டுகார்டு சப்டொமைன் அமைக்க முழு வழிகாட்டி

ஒரு வாடகை சர்வர், ஒரு டொமைன், அதன் கீழே ஷாப், ஸ்கூல், நியூஸ் என்று வரிசையாகத் தளங்கள். நாளைக்கு இன்னொரு தளம் வேண்டுமா, ஒரு ஃபோல்டரை உருவாக்கிக் கோப்புகளை உள்ளே போட்டதும் அது பிரவுசரில் திறக்க வேண்டும். டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு) பக்கம் போகக்கூடாது, எச்டிடிபிஎஸ்ஸுக்கான புதுச் சான்றிதழ் வாங்கக்கூடாது, சர்வரின் கான்ஃபிக் கோப்பைத் திறக்கவே கூடாது. வைல்டுகார்டு சப்டொமைன், அதாவது டொமைனுக்கு முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் ஏற்கும் அமைப்பு, தருகிற வசதி இதுதான். வாடிக்கையாளருக்கு முன்னோட்டம் காட்டும் வெப் டிசைனருக்கும், கடைக்கொரு முகவரி கொடுக்கும் சேவைக்கும், துறைக்கொரு தளம் வைத்திருக்கும் கல்லூரிக்கும் இது பொருந்தும்.

அமைப்பது பெரிய கஷ்டமில்லை. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே காரணத்தால்: வைல்டுகார்டைக் குறிக்கும் நட்சத்திரக்குறி (*) டிஎன்எஸ்ஸில் ஒரு விதிப்படி வேலை செய்கிறது, சான்றிதழில் வேறு விதிப்படி, வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் இன்னொரு விதிப்படி. மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து அமைத்தால் சில முகவரிகள் திறக்கும், சில திறக்காது, எங்கே கோளாறு என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் எதை அடிக்க வேண்டும் என்பதோடு, அந்தந்த இடத்தில் நட்சத்திரம் எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டெபியன் அல்லது உபுண்டு சர்வர், அதில் என்ஜின்எக்ஸ், சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை. டொமைன் எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம், உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர் அது. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள், அடிக்கோடு காட்டியிருக்கும் இடத்தில் அடிக்கோடும் வேண்டும்.

எப்படி இது சாத்தியம்?

எல்லா சப்டொமைனும் ஒரே ஐபி முகவரிக்குத்தான் வருகின்றன. எந்தத் தளம் வேண்டும் என்பதை பிரவுசர் தன் கோரிக்கையில் ஹோஸ்ட் என்ற ஹெடரில் எழுதி அனுப்புகிறது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 இந்த ஹெடரைக் கட்டாயமாக்கியது, ஒரே ஐபியில் பல தளங்கள் என்ற வழக்கம் பரவ அதுவே வழி. எச்டிடிபிஎஸ்ஸில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது: ஹோஸ்ட் ஹெடர் வருவதற்கு முன்பே சர்வர் சான்றிதழைக் காட்டியாக வேண்டும், யாருக்கான சான்றிதழ் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்காக வந்ததுதான் எஸ்என்ஐ. இணைப்பைத் தொடங்கும்போதே, கைகுலுக்கும் கட்டத்திலேயே, தனக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று பிரவுசர் சொல்லிவிடும். இன்றைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது உண்டு.

படி 1: டிஎன்எஸ்

டொமைனின் டிஎன்எஸ் எங்கே நிர்வகிக்கப்படுகிறதோ அங்கே இரண்டு ஏ ரெக்கார்டுகள் (ஒரு பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவுகள்) போடுங்கள். ஒன்றில் பெயர்க் கட்டத்தில் வெறும் டொமைனைக் குறிக்கும் @ குறி, இன்னொன்றில் வெறும் * குறி. இரண்டுக்கும் சர்வரின் ஐபி. வெறும் டொமைனை நட்சத்திரம் பிடிக்காது, அதற்காகத்தான் இரண்டு. சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் ஏஏஏஏ ரெக்கார்டும் இதே மாதிரி இரண்டு போடலாம், ஆனால் என்ஜின்எக்ஸும் அந்த முகவரியில் காது கொடுக்கிறதா என்று உறுதி செய்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டு இணைப்பில் திறக்கிற தளம் வேறொருவர் மொபைலில் தடுமாறும்.

டிஎன்எஸ்ஸில் நட்சத்திரத்தின் விதி இதுதான்: அந்தப் பெயரில் ஏற்கெனவே எதுவுமே இல்லாதபோது மட்டும் அது பதில் சொல்லும். "எதுவுமே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஷாப் என்ற பெயரில் ஏ ரெக்கார்டு இல்லை, ஆனால் ஏதோ ஒரு சேவை உரிமையைச் சரிபார்க்கக் கேட்டது என்று ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு (வெறும் உரையை வைக்கும் பதிவு) போடுகிறீர்கள். அந்த நிமிடத்திலிருந்து ஷாப் என்ற பெயர் டிஎன்எஸ்ஸுக்குத் "தெரிந்த பெயர்" ஆகிவிட்டது, இனி நட்சத்திரம் அதற்குப் பதில் சொல்லாது, கடை மூடிக்கொள்ளும். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஷாப்புக்குக் கீழே இன்னொரு மட்டத்தில், மெயில் கையொப்பத்துக்கோ தனிச் சான்றிதழுக்கோ ஒரு ரெக்கார்டு போட்டாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் குழந்தை இருந்தால் பெற்றோரும் இருப்பதாகத்தான் டிஎன்எஸ் கணக்கு. 2006-இல் வெளிவந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4592 இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தீர்வு எளிது: ஒரு சப்டொமைனுக்கு இப்படி டிஎக்ஸ்டி போன்ற ரெக்கார்டு போட்டால் அதோடு அதற்கென்று ஓர் ஏ ரெக்கார்டையும் போட்டுவிடுங்கள்.

மறுபக்கம், நட்சத்திரம் எத்தனை மட்டம் ஆழமாக இருந்தாலும் பிடிக்கும். ஏ.பி.எக்ஸாம்பிள்.காம் என்று கேட்டாலும் அதே ஐபி வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழில் கதை மாறுகிறது.

வைல்டுகார்டின் வீச்சு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 2003 செப்டம்பரில், .காம், .நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் அவை இரண்டுக்கும் உச்சியிலேயே வைல்டுகார்டு போட்டது. யாரும் பதிவு செய்யாத பெயரை அடித்தாலும் அவர்களுடைய சைட் ஃபைண்டர் பக்கத்துக்குப் போய் நின்றது. "இந்த டொமைன் இல்லை" என்ற பதிலை நம்பி வேலை செய்த ஸ்பேம் வடிகட்டிகள் குழம்பின, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு எச்சரித்தது, அக்டோபர் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் டொமைனிலும் அளவு சிறியதே தவிர விஷயம் அதேதான்: இல்லாத பெயர் என்று ஒன்று இனி இல்லை, எல்லாப் பெயரும் உங்கள் சர்வர் வாசலுக்கு வரும். யாரை உள்ளே விடுவது என்ற பொறுப்பு டிஎன்எஸ்ஸிடமிருந்து உங்கள் கைக்கு வந்துவிட்டது.

சரி பார்க்க, டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையில் வாய்க்கு வந்த ஒரு பெயரை முன்னால் போட்டுக் கேளுங்கள். ஐபி வந்தால் அடுத்த படி.

படி 2: ஃபோல்டர்கள்

எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் சைட்ஸ் என்று ஒன்று, அதற்குள் சப்டொமைன் பெயரிலேயே ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று, அதற்குள் பப்ளிக் என்று ஒன்று. அதாவது ஷாப் தளத்தின் கோப்புகள் /எஸ்ஆர்வி/சைட்ஸ்/ஷாப்/பப்ளிக் என்ற இடத்தில். பப்ளிக் எதற்குத் தனியாக என்றால், கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்பு, பேக்கப், லாக் எல்லாம் அதற்கு வெளியே, தளத்தின் ஃபோல்டரிலேயே இருக்கலாம்; வெளி உலகத்துக்குத் தெரிவது பப்ளிக் மட்டும்தான்.

கோப்புகளின் உரிமையாளராக, என்ஜின்எக்ஸ் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரை வைக்காதீர்கள், அது படிக்க முடிந்தால் போதும். எழுத வேண்டிய ஃபோல்டர், உதாரணமாகப் படங்கள் ஏற்றும் இடம், அதற்கு மட்டும் எழுத்து அனுமதி. மேலே இருந்து கீழே வரை எல்லா ஃபோல்டருக்கும் உள்ளே நுழையும் அனுமதி இருக்க வேண்டும், இடையில் ஒன்று அடைத்திருந்தாலும் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வரும். ரெட் ஹேட் குடும்பத்து சர்வர் என்றால் எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிளையும் கவனியுங்கள், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் பெரும்பாலும் அதுதான்.

படி 3: சான்றிதழ்

வைல்டுகார்டு சான்றிதழ் ஒரு மட்டத்தை மட்டுமே பிடிக்கும். ஷாப்.எக்ஸாம்பிள்.காம் சரி, டெஸ்ட்.ஷாப்.எக்ஸாம்பிள்.காம் கிடையாது. வெறும் எக்ஸாம்பிள்.காம் இதிலும் சேராது, அதைத் தனிப் பெயராகச் சேர்த்துக் கேட்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் ஐபி கிடைத்தும் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். சப்டொமைனுக்கு முன்னால் பழக்கத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்து அடிக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களும் இங்கேதான் இடறுவார்கள். இந்த ஒரு சான்றிதழில் அதற்குத் தீர்வு கிடையாது. முகவரியை அச்சடிக்கும்போதே டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாமல் அச்சடியுங்கள்.

லெட்ஸ் என்க்ரிப்ட் 2018 மார்ச் முதல் வைல்டுகார்டு சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஒரு நிபந்தனை: சர்வரில் ஒரு கோப்பை வைத்து நிரூபிக்கும் வழக்கமான வழி இதற்குச் செல்லாது. ஒரு தளத்தை நடத்துகிறீர்கள் என்பதற்கும் முழு டொமைனும் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா, அதனால் டிஎன்எஸ்ஸிலேயே ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு போட்டு நிரூபிக்க வேண்டும். பெயர் _ஆக்மி-சேலஞ்ச், மதிப்பு அவர்கள் தரும் எழுத்துக் கோவை.

சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவியில் இதைக் கையாலும் செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள். சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான். கையால் வாங்கியது தானாகப் புதுப்பிக்காது, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தளமும் ஒன்றாக விழும். காலாவதி நெருங்குகிறது என்று அனுப்பிவந்த மின்னஞ்சலையும் 2025 ஜூனில் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுத்திவிட்டது. அதனால் உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்துக்கான சர்ட்பாட் பிளகினை நிறுவுங்கள். கிளவுட்ஃப்ளேர், ரூட் 53, டிஜிட்டல் ஓஷன் போன்றவற்றுக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஓர் ஏபிஐ டோக்கன் (நிரல் உள்ளே நுழைவதற்கான சாவி) எடுத்து, அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்தும் அனுமதியோடு, ஒரு கோப்பில் வைத்து அந்தக் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுங்கள். முழுக் கணக்கையும் திறக்கும் சாவியை சர்வரில் வைக்க வேண்டாம், சர்வருக்குள் ஒருவன் நுழைந்தால் டொமைனையும் சேர்த்துக் கொண்டு போய்விடுவான்.

பிளகின் இல்லாத நிறுவனமா? அப்போது _ஆக்மி-சேலஞ்ச் என்ற பெயரை மட்டும் ஒரு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) மூலம், ஏபிஐ உள்ள வேறொரு டொமைனுக்குத் திருப்பிவிடலாம். முழு டொமைனையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. இந்த வழி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

கட்டளையில் சர்ட்ஒன்லி என்று கொடுத்து, -டி (டொமைன் என்பதன் முதல் ஆங்கில எழுத்து) என்ற விருப்பத்தை இருமுறை போடுங்கள்: ஒன்றில் வெறும் டொமைன், ஒன்றில் நட்சத்திரத்தோடு. நட்சத்திரம் உள்ளதை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அதைக் கோப்புப் பெயர் என்று நினைக்க வாய்ப்புண்டு. இரண்டு பெயருக்கும் நிரூபணம் ஒரே டிஎக்ஸ்டி பெயரில்தான் வரும், மதிப்பு இரண்டு. கையால் செய்கிறவர்கள் முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதைப் போட்டுத் தோற்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம், இருக்க வேண்டும். டொமைனில் சிஏஏ ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் பதிவு) இருந்தால் வைல்டுகார்டுக்கான இஷ்யூவைல்டு வரி லெட்ஸ் என்க்ரிப்டைத் தடுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டாலும் என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்திருக்கும், ரீலோடு செய்தால்தான் புதியதை எடுக்கும். சர்ட்பாட்டின் டிப்ளாய்-ஹூக் விருப்பத்தில் ரீலோடு கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் ரினியூ கட்டளையை டிரை-ரன் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சப்டொமைனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பத்துத் தளம் என்றால் தாராளமாக. ஆனால் ஒரே டொமைனுக்கு ஏழு நாளில் 50 சான்றிதழ் என்ற வரம்பு இருக்கிறது. அதோடு, வெளியிடப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எல்லாரும் பார்க்கக்கூடிய வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் ஏறும்; புது வாடிக்கையாளரின் பெயரில் சப்டொமைன் திறந்து சான்றிதழ் வாங்கிய சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்களான போட்கள் வந்து தட்ட ஆரம்பிக்கும். வைல்டுகார்டில் நட்சத்திரம்தான் பதிவாகும், பெயர் வெளியே தெரியாது. இதற்கு விலையும் உண்டு. ஒரே சாவி எல்லாத் தளத்தையும் திறக்கிறது. அந்தச் சாவிக் கோப்பை நாலைந்து சர்வரில் நகலெடுத்து வைக்காதீர்கள்.

படி 4: என்ஜின்எக்ஸ்

மூன்று சர்வர் பிளாக்குகள் (எந்தப் பெயருக்கு என்ன செய்வது என்று சொல்லும் கான்ஃபிக் பகுதிகள்) எழுதப்போகிறோம். முதலில் கதவை அடைக்கும் பிளாக்.

முதல் பிளாக், தெரியாத பெயர்களுக்கு. லிசன் வரியில் 443, எஸ்எஸ்எல், அப்புறம் டீஃபால்ட்_சர்வர். உள்ளே எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன் என்று ஒரே வரி. என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் இது உண்டு, இதற்குச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. ஐபியை நேரடியாக அடிக்கிறவர்கள், வேறு யாரோ தன் டொமைனை உங்கள் ஐபிக்குத் திருப்பி வைத்திருப்பது, எல்லாம் இங்கே வந்து நின்றுவிடும். டீஃபால்ட்_சர்வர் என்று எங்கேயும் எழுதாவிட்டால் என்ஜின்எக்ஸ் கோப்பில் முதலில் வரும் பிளாக்கையே அப்படி எடுத்துக்கொள்ளும், உங்கள் கடைத் தளம் யாருடைய டொமைனிலோ திறக்கும், தேடுபொறி அதைப் பதிவும் செய்துகொள்ளும். போர்ட் 80-க்கும் இதே மாதிரி ஒரு டீஃபால்ட் வைத்து, ரிட்டர்ன் 444 கொடுக்கலாம். பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்கும் என்ஜின்எக்ஸின் சொந்த எண் அது.

இரண்டாவது, போர்ட் 80-இல் சர்வர்_நேம் .எக்ஸாம்பிள்.காம். முன்னால் புள்ளியோடு தொடங்கினால் வெறும் டொமைனும் எல்லா சப்டொமைனும் சேர்ந்து வரும். உள்ளே ரிட்டர்ன் 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுத்து, எச்டிடிபிஎஸ் முகவரியில் $ஹோஸ்ட், $ரிக்வெஸ்ட்_யுஆர்ஐ இரண்டையும் ஒட்டி அனுப்புங்கள்.

மூன்றாவதுதான் உயிர், போர்ட் 443-இல் தளங்களைத் தருவது இதுதான். இதில் சர்வர்_நேம் வரியில் வெறும் நட்சத்திரம் போடாமல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எந்த வடிவச் சொல் பொருந்தும் என்று விவரிக்கும் குறிமுறை) எழுதுகிறோம், ஏனென்றால் சப்டொமைன் பெயரை ஒரு மாறியில் பிடித்து ஃபோல்டர் பெயராகப் பயன்படுத்த வேண்டும். எழுதும் முறை: முதலில் ~ குறி, இது ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று சொல்ல. உடனே ^ குறி. பிறகு வளைவு அடைப்பு திறந்து, கேள்விக்குறி, கோண அடைப்புக்குள் சைட் என்ற பெயர், அதன்பின் சதுர அடைப்புக்குள் ஆங்கில எழுத்து ஏ முதல் இசட் வரை, 0 முதல் 9 வரை, ஒரு சிறுகோடு. சதுர அடைப்பு மூடியதும் + குறி, வளைவு அடைப்பை மூடுங்கள். அதன்பின் \ குறியோடு ஒரு புள்ளி, எக்ஸாம்பிள், மறுபடி \ குறியோடு புள்ளி, காம், கடைசியில் $ குறி. \ இல்லாத புள்ளி எந்த எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும், விட்டுவிடாதீர்கள்.

ரூட் வரியில் /எஸ்ஆர்வி/சைட்ஸ்/$சைட்/பப்ளிக். அவ்வளவுதான், ஃபோல்டர் பெயர் தானாக மாறிக்கொள்ளும். சதுர அடைப்புக்குள் புள்ளியோ சாய்கோடோ அனுமதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்: வெளியிலிருந்து வருகிற ஒரு சொல்லை வைத்து டிஸ்க்கில் பாதை அமைக்கிறோம், அதில் என்ன எழுத்து வரலாம் என்று நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும். இதனால் இன்னொரு நன்மை, இரண்டு மட்டப் பெயர்கள் இங்கே பொருந்தாமல் டீஃபால்ட் பிளாக்குக்குப் போய்விடும். தமிழ் எழுத்தில் சப்டொமைன் வைக்க ஆசையா? அதுவும் இதே வரியில் அடங்கும், பிரவுசர் அதைப் பியூனிகோடாக மாற்றி எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் அனுப்புகிறது. ஃபோல்டருக்கு அந்தக் கோவையையே பெயராக வையுங்கள்.

சான்றிதழுக்கு எஸ்எஸ்எல்_சர்டிஃபிகேட் வரியில் ஃபுல்செயின், எஸ்எஸ்எல்_சர்டிஃபிகேட்_கீ வரியில் ப்ரிவ்கீ கோப்பு. வெறும் டொமைனுக்கும், தனியாக நடத்த வேண்டிய ஏபிஐ போன்ற பெயர்களுக்கும் சரியான முழுப் பெயரோடு வேறு சர்வர் பிளாக் எழுதுங்கள்.

இப்போது என்ஜின்எக்ஸ் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறை. முழுப் பெயர் அப்படியே பொருந்தினால் அதற்கே முதலிடம். அடுத்து நட்சத்திரத்தில் தொடங்கும் பெயர்களில் நீளமானது, அடுத்து நட்சத்திரத்தில் முடியும் பெயர்களில் நீளமானது, இவை எதுவும் இல்லாவிட்டால்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், கோப்பில் வரும் வரிசையில். அதாவது அதே போர்ட்டில் எங்கேயாவது *.எக்ஸாம்பிள்.காம் என்று ஒரு பழைய பிளாக் மறந்துபோய்க் கிடந்தால், உங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பிளாக் ஒருநாளும் வேலை செய்யாது. பிழைச் செய்தியும் வராது. இயங்கும் கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரைத் துழாவிப் பாருங்கள்.

என்ஜின்எக்ஸ் -டி (டெஸ்ட் என்பதன் முதல் ஆங்கில எழுத்து) என்று அடித்துச் சரிபார்த்துவிட்டு ரீலோடு.

படி 5: யாரை உள்ளே விடுவது

ஃபோல்டர் இல்லாத பெயருக்கு என்ஜின்எக்ஸ் 404தான் தரும், ஆனால் நேராகச் சொல்லிவிடுவது நல்லது: சர்வர் பிளாக்கில், இஃப் போட்டு, !-டி (டைரக்டரி என்பதன் முதல் ஆங்கில எழுத்து) கொண்டு தளத்தின் ஃபோல்டர் இல்லையென்றால் ரிட்டர்ன் 404. (இஃப் கூடாது என்று படித்திருப்பீர்கள், உள்ளே ரிட்டர்ன் மட்டும் இருந்தால் பிரச்சினையில்லை.) இல்லாத பெயர்களை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாப் பெயருக்கும் 200 கொடுத்தால் யாரோ கிறுக்கிய சப்டொமைன் இணைப்புகளை எல்லாம் தேடுபொறி உண்மையான தளங்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

வெளியாட்கள் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் சேவை நடத்துகிறீர்கள் என்றால் தடைப் பட்டியல் ஒன்று தேவை. மெயில், எஸ்எம்டிபி, என்எஸ்1, எஃப்டிபி, ஏபிஐ, அட்மின், லாகின், சப்போர்ட், ஆட்டோடிஸ்கவர், ஆட்டோகான்ஃபிக், டபிள்யூபிஏடி. கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள், உள் வலையில் உள்ள கணினிகள் தங்கள் ப்ராக்ஸி அமைப்பைத் தேடிப் போகும் பெயர் அது. பெயரின் நீளமும் 63 எழுத்தைத் தாண்டக்கூடாது, டிஎன்எஸ்ஸின் வரம்பு.

பிஎச்பி, நோட் தளங்கள்

வெறும் எச்டிஎம்எல் என்றால் மேலே உள்ளதோடு முடிந்தது. பிஎச்பி என்றால் எல்லாத் தளத்தையும் ஒரே எஃப்பிஎம் பூலில் (பிஎச்பியை ஓட்டும் செயல்முறைக் குழு) ஓட்டுவது எளிது, ஆபத்தும்கூட: ஒரு தளத்தின் பழைய பிளகின் வழியாக ஒருவன் நுழைந்தால் பக்கத்துத் தளத்தின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லைப் படித்துவிடுவான். வெவ்வேறு ஆட்களின் தளங்கள் என்றால் தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர், ஒரு பூல், சாக்கெட் கோப்புக்குத் தளத்தின் பெயர். ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் வரியில் மாறி போடலாம், அதனால் சாக்கெட் பாதையிலும் $சைட் போட்டுவிட்டால் கான்ஃபிக் அப்படியே இருக்கும்.

நோட், பைத்தான் போன்றவை ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டில் ஓடும். இங்கே மேப் பிளாக் எழுதுங்கள், $ஹோஸ்ட் எது என்றால் 127.0.0.1-இல் எந்தப் போர்ட் என்று. ப்ராக்ஸி_பாஸ் அந்த மாறிக்கு. மாறியில் ஐபி இருந்தால் சரி, பெயர் இருந்தால் ரிசால்வர் வரியும் வேண்டும், இல்லாவிட்டால் 502. ஹோஸ்ட் ஹெடரை மறக்காமல் கடத்துங்கள், செயலிக்குத் தான் எந்தத் தளம் என்று தெரிய வேறு வழியில்லை.

வேர்ட்பிரஸ் மல்டிசைட் வேறு வகை. அதில் ஒரே செயலி எல்லா சப்டொமைனையும் தானே பிரித்துக்கொள்ளும், ஃபோல்டரும் ஒன்றுதான். அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டாம், நட்சத்திரமே போதும்.

லாக்

ஆக்சஸ்_லாக் பாதையிலும் $சைட் போட்டுத் தளத்துக்கொரு கோப்பு வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு வரிக்கும் என்ஜின்எக்ஸ் கோப்பைத் திறந்து மூடும், பஃபர் வேலை செய்யாது. ஓபன்_லாக்_ஃபைல்_கேஷ் போட்டால் ஓரளவு குறையும். வொர்க்கர் பயனருக்கு அந்த ஃபோல்டரில் கோப்பு உருவாக்க அனுமதியும் வேண்டும். எரர்_லாக்கில் மாறியே போட முடியாது, எல்லாப் பிழையும் ஒரே கோப்பில்தான். என் பரிந்துரை, ஒரே ஆக்சஸ் லாக் வைத்து லாக்_ஃபார்மேட்டில் முதல் சொல்லாக $ஹோஸ்ட் போடுங்கள். பிரித்துப் பார்க்க, வரிகளைத் தேடும் கிரெப் கட்டளை இருக்கிறது.

குக்கீ: தள்ளிப்போடக் கூடாதது

எல்லாத் தளமும் உங்களுடையது என்றால் இதைக் கடந்து போகலாம். வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்திப் படியுங்கள். ஒரு சப்டொமைன் தன் பெற்றோர் டொமைனுக்கு என்று குக்கீ வைக்க முடியும், அது மற்ற எல்லா சப்டொமைனுக்கும் போகும். அதாவது ஷாப் தளத்தில் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த ஒருவர், ஸ்கூல் தளத்தின் பயனர்களுடைய பிரவுசரில் தன் குக்கீயைத் திணிக்கலாம். உங்கள் நிர்வாக லாகினும் அதே டொமைனில் இருந்தால் அதற்கும் ஆபத்து. கிட்ஹப் இதற்காகவே 2013 ஏப்ரலில் பயனர்களின் தளங்களை கிட்ஹப்.காம் என்பதிலிருந்து கிட்ஹப்.ஐஓ என்ற தனி டொமைனுக்கு மாற்றியது.

அவ்வளவு பெரிய நிறுவனம் செய்ததைச் சின்னச் சேவையும் செய்யலாம், இன்னொரு டொமைன் ஒன்றும் விலை அதிகமில்லை. உங்கள் நிறுவனத் தளமும் லாகினும் ஒரு டொமைன், வாடிக்கையாளர் தளங்கள் இன்னொரு டொமைன். சேவை வளர்ந்த பிறகு அந்த இரண்டாவது டொமைனைப் பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்டில் (கீழே வெவ்வேறு ஆட்களின் தளங்கள் இருக்கும் டொமைன்களின் பட்டியல்) சேர்க்க விண்ணப்பிக்கலாம், பிரவுசர்கள் அதற்கு அப்புறம் பொதுக் குக்கீயை ஏற்காது. முதல் நாளே இப்படிப் பிரித்துவிடுங்கள். ஆயிரம் பேர் தங்கள் முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்த பிறகு மாற்றுவது சாதாரண வேலையில்லை.

எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வரச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெடரில் இன்க்ளூட்சப்டொமைன்ஸ் போடும் முன்பும் யோசியுங்கள். வேறெங்கோ ஓடும் ஒரு சப்டொமைனுக்கு எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் அது பிரவுசரில் அடைபட்டுப் போகும், ஹெடரில் சொன்ன காலம் முடியும் வரை.

டிஎன்எஸ் இல்லாமல் சோதிப்பது

ஹோஸ்ட்ஸ் கோப்பில் நட்சத்திரம் வேலை செய்யாது, பெயருக்கு ஒரு வரிதான். சொந்தக் கணினியில் முழு வைல்டுகார்டு வேண்டுமென்றால் டிஎன்எஸ்மாஸ்க் (சிறிய டிஎன்எஸ் சர்வர்) நிறுவி .டெஸ்ட் என்று முடியும் ஒரு பெயரை 127.0.0.1-க்குத் திருப்புங்கள். அல்லது ஏதாவது.லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தாலே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சொந்தக் கணினிக்கு வந்துவிடும். உண்மையான சர்வரை டிஎன்எஸ் மாற்றும் முன்பே பார்க்க, கர்ல் கட்டளையில் ரிசால்வ் விருப்பம் கொடுத்து, பெயர், போர்ட், ஐபி மூன்றையும் சொல்லுங்கள். எஸ்என்ஐயும் சரியாகப் போகும், சான்றிதழும் சோதிக்கப்படும். ஹோஸ்ட் ஹெடரை மட்டும் மாற்றி ஐபியை அடித்தால் எஸ்என்ஐ போகாது, முதல் பிளாக் உங்களையே வெளியே தள்ளும்.

அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு

விஹோஸ்ட்_அலியாஸ் மாட்யூலை இயக்கி, சர்வர்அலியாஸ் வரியில் *.எக்ஸாம்பிள்.காம், விர்ச்சுவல்டாக்யுமெண்ட்ரூட் வரியில் /எஸ்ஆர்வி/சைட்ஸ்/%1/பப்ளிக், யூஸ்கெனானிக்கல்நேம் ஆஃப். %1 என்பது பெயரின் முதல் துண்டு. என்ஜின்எக்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், அப்பாச்சி கோப்பு வரிசையில் முதலில் பொருந்துவதையே எடுக்கும், முழுப் பெயருக்குத் தனி மரியாதை கிடையாது. அதனால் வைல்டுகார்டு கோப்பின் பெயரை 999 என்று தொடங்கி கடைசியில் வரும்படி வையுங்கள். எச்டிஆக்சஸ் கோப்பில் ரீரைட் எழுதியிருந்தால் ரீரைட்பேஸ் / என்ற வரியும் வேண்டியிருக்கும்.

திறக்காவிட்டால் எங்கே பார்ப்பது

பெயரே கிடைக்கவில்லை என்று பிரவுசர் சொன்னால் டிஎன்எஸ். அதுவும் ஒரே ஒரு சப்டொமைன் மட்டும் என்றால் அந்தப் பெயரிலோ அதற்குக் கீழேயோ வேறு ரெக்கார்டு இருக்கிறது. சான்றிதழ் எச்சரிக்கை என்றால் மட்டங்களை எண்ணுங்கள், இரண்டு இருந்தால் அதுதான் காரணம், ஒன்றே என்றால் புதுப்பித்த பிறகு ரீலோடு ஆகவில்லை. இணைப்பே முறிந்தால் பெயர் டீஃபால்ட் பிளாக்கில் போய் விழுகிறது, பெயரில் இரண்டு மட்டம் இருக்கிறதா என்றும் ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் பாருங்கள். தவறான தளம் திறந்தால் எங்கோ நட்சத்திரத்தோடு இன்னொரு பிளாக் இருக்கிறது. சர்வர்_நேம்ஸ்_ஹேஷ்_பக்கெட்_சைஸ் என்று புலம்பிக்கொண்டு என்ஜின்எக்ஸ் கிளம்பவே மறுத்தால் பெயர்கள் நீளமாகிவிட்டன, எச்டிடிபி பிளாக்கில் அந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

இன்னொன்று, கண்டுபிடிக்கக் கஷ்டமானது: சர்வரின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் சர்ச் என்ற வரியில் உங்கள் டொமைன் இருந்தால், சர்வருக்குள் தவறாக அடித்த எந்தப் பெயருக்கும் பின்னால் அது ஒட்டிக்கொள்ளும், வைல்டுகார்டு அதற்குப் பதிலும் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் சர்வரின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருப்பீர்கள், பெயர் கிடைக்கவில்லை என்ற பிழைக்குப் பதிலாக உங்கள் சொந்த வெப் சர்வரிடமே போய் நின்று இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரும். அந்த சர்ச் வரியை எடுத்துவிடுங்கள்.